நெற்சோற்றுக்குத் துணையாகும் சிற்றுண்டிகளும் பானங்களும்

கடலூர் ஜில்லாவில் விளையாத ஆகாரப் பொருள் மிகச் சிலவே. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், புவனகிரி தாலுக்காக்களில் வீராணம் ஏரியாலும் கொள்ளிடத்து வாய்க்கால்களாலும் பாயும் வயல்களில் சம்பா நெல்லும், அதனையடுத்து உளுந்தும் பச்சைப்பயறும் விளைகின்றன. பண்ணுருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் மேடுகளில் முந்திரி, பலா, மணிலாக்கொட்டை முதலியன விளைகின்றன. கிள்ளை முதல் கடலூர் வரையிலுள்ள கரையோரத்தில் மீனுக்குக் குறைவில்லை. இவ்வளவும் ஒரே ஜில்லாவில் கூடியிருந்தும், இவற்றை விளைவிக்கும் வீட்டின் குழந்தை மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெரும்பாலும் பெறுவது கடையில் வாங்கிய பொட்டலம் ஒன்று, அல்லது ரொட்டித்துண்டும் ஒரு குவளைத் தேநீருமேயாகும்.

மணிலாவும் உளுந்தும் முந்திரிக்கொட்டையும் களத்திலிருந்தே மூட்டையாகி மண்டிக்குச் சென்றுவிடுகின்றன. விற்பது தவறன்று; கடன் தீர்க்கவும் அடுத்த பருவத்துக்கு விதையும் உரமும் வாங்கவும் பணம் வேண்டியதே. ஆயினும் வீட்டு உபயோகத்துக்கென ஒரு பங்கையும் நிறுத்தாமல் முழுவதையும் விற்றுவிட்டு, அப்பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்ந்த பண்டங்களை வாங்குவது இருவழியிலும் நஷ்டமாகும்.

சோற்றை மட்டும் நம்பியுள்ள ஆகாரத்தின் குறைபாட்டை நம் நாட்டில் முதன் முதலாகத் தெளிவாய் எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர் ராபர்ட் மக்காரிசன் என்னும் வைத்திய அதிகாரி. அவர் 1918-ல் குன்னூரில் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஆராய்ச்சிச் சாலையே 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று வழங்கி வருகின்றது. 1920-களில் அவர் எலிகளைப் பல கூட்டங்களாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு பகுதி ஜனங்கள் உண்ணும் ஆகாரங்களை ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒன்றாகக் கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறிகள் அடங்கிய சீக்கியர் ஆகாரத்தை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. தீட்டிய அரிசியையே பெரும்பகுதியாகக் கொண்ட சென்னை மாகாணத்து ஆகாரத்தை உண்டவை கடைசி இடத்தில் நின்றன. அரிசியை விலக்கவேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்வது சரியன்று. தவிடு போகத் தீட்டப்பட்ட அரிசியுடன் பருப்பும் காயும் பாலும் மிகச் சிறிய அளவே சேர்ந்ததுதான் அங்கே கண்ட குறை. புழுங்கல் அரிசியில் பி-1 உயிர்ச்சத்து பெரிதும் காக்கப்படுகின்றது என்பதையும் இவ்விடத்தில் கூறவேண்டும்.

அந்த நிறுவனம் 2024-ல் வெளியிட்ட ஆகார வழிகாட்டியின்படி, ஒரு நாளில் உடல் பெறும் உஷ்ண அளவில் (கலோரியில்) தானியங்களிலிருந்து வருவது நூற்றுக்கு 45 பங்குக்கு மேற்படலாகாது. நம் வீடுகளில் அது 50 முதல் 70 பங்கு வரை இருப்பது சாதாரணம். காலையும் பகலும் இரவும் உண்ணும் சோற்றையும் இட்டிலியையும் திடீரென்று மாற்றுவது யாருக்கும் எளிதன்று. மாற்றுவதற்கு எளிதான வேளை மாலைச் சிற்றுண்டியே. 1956-ல் காமராஜர் காலத்தில் பரவலாக்கப்பட்ட மதிய உணவு, 1982-ல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 முதல் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. மாலை வேளை மட்டுமே முழுதும் வீட்டின் பொறுப்பில் உள்ளது.

இதில் அசட்டை கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலும், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிலும், பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்களாய்க் காணப்பட்டனர். களைப்பு, படிப்பில் மந்தம், பிரசவத்தில் ஆபத்து ஆகியவை இதனால் விளைவன. தானியங்களிலும் பயறுகளிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் எளிதாகச் சேர்வதில்லை. எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்றவற்றிலுள்ள சி உயிர்ச்சத்து உடன் இருந்தால் அது நன்கு சேரும். தேநீர் உடன் இருந்தால் அதன் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிணித்துவிடும். ஆகையால் சிற்றுண்டியோடு தேநீர் பருகும் வழக்கத்தை விட்டு, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுதல் வேண்டும். குழந்தைகளுக்குத் தேநீர் வேண்டியதே இல்லை.

இனி நம் ஜில்லாவின் பொருள்களுள் முதலாவது மணிலாக்கொட்டை. ஊர்ப்புறத்தில் மல்லாட்டை என்று வழங்கும் இது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தென்னார்க்காட்டிலிருந்து புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு தேசத்துக்கு ஏற்றுமதியான சரக்கு. அதனாலோ என்னவோ, இதனை விற்பனைக்குரிய பொருள் என்று எண்ணும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. 100 கிராம் பருப்பில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் 7 அல்லது 8 கிராமே. ஆளுக்கு நாள்தோறும் ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் போதுமானது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இது வருஷத்தில் ஏறக்குறைய 55 கிலோ பருப்பாகும். காயாகக் கணக்கிட்டால் 40 கிலோ மூட்டையில் இரண்டு. இறவையில் ஏக்கருக்கு இருபது மூட்டை எடுப்பவருக்கு இது பத்தில் ஒரு பங்கே. இதனைக் காயாகவே சேமித்து, வேண்டியபோது உரித்துக்கொள்ளல் வேண்டும்.

பச்சைக்காய் கிடைக்கும் பருவத்தில் உப்பிட்டு வேகவைத்து உண்பதே எளிது. மற்றக் காலத்தில் வறுத்துத் தோல் நீக்கிய பருப்பு இரண்டு பங்கும், வறுத்த எள் கால் பங்கும் இடித்து, முக்கால் பங்கு வெல்லத்தைச் சேர்த்து உருண்டை பிடிக்கலாம். கடைப் பண்டங்களில் வெல்லம் இதைவிட மிகுதியாய் இருக்கும். வெல்லத்தில் இரும்புச் சத்து நிறைந்துள்ளது என்று பலர் கூறுவதுண்டு, உள்ளது சிறிதளவே. சர்க்கரையைப் போலவே அதனையும் அளவோடுதான் கொள்ளவேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் வறுத்த பருப்பை வெல்லமின்றியே உண்ணட்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பருப்பைக் கொடுத்தலாகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடித்துக் கூழிலோ தயிரிலோ கலந்து கொடுக்கவேண்டும்.

சிதம்பரம் பக்கத்தார்க்கு உளுந்தும் பச்சைப்பயறும் கையிலேயே உள்ளன. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னர், வயலில் மெழுகுப்பதம் இருக்கும்போதே, நின்ற பயிரின் ஊடே விதைக்கப்படும் இப்பயிர்களுக்கு உழவுச் செலவும் இல்லை. இவ்விதம் விளைந்த பச்சைப்பயற்றில் இருபது கிலோவை நிறுத்தினால், வாரத்தில் மூன்று நாள் சுண்டலுக்கு ஏறக்குறைய ஆண்டு முழுவதும் வரும். பயற்றை இரவு ஊறவைத்து, நீரை வடித்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் மாலைக்குள் முளை விடும். முளைக்கும்போது உலர்ந்த பயற்றில் இல்லாத சி உயிர்ச்சத்து உண்டாகிறது. இரும்பைப் பிணிக்கும் பொருளும் குறைகிறது. இதனை ஆவியில் அரைப்பதமாய் வேகவைத்து, தேங்காய்த் துருவலும் இறக்கியபின் எலுமிச்சைச் சாறும் சேர்க்கவேண்டும். அடுப்பில் இருக்கும்போதே சாற்றை ஊற்றினால் அதன் பயன் குறையும். நடராஜர் கோயிலின் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சுவும் பெயர்பெற்ற ஊரில், பயற்றுச் சுண்டலுக்குத் தனியே சிபாரிசு வேண்டுவதில்லை. நவராத்திரி ஒன்பது நாள் உண்பதை மற்ற நாட்களுக்கும் நீட்டிக்கொள்வதே வேண்டப்படுவது.

மேற்குத் தாலுக்காக்களில் மக்காச்சோளம் பரவியபின் கம்பின் பரப்பு சுருங்கிற்று. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும்போதுதான் பல வீடுகளில் கம்பும் கேழ்வரகும் நினைவுக்கு வருகின்றன. கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. கம்பில் இரும்புச் சத்து மிகுதி. மாவை இரவு முழுதும் கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் நொய்யுடன் காய்ச்சி, ஆறியபின் மோரில் கரைத்துச் சின்ன வெங்காயத்துடன் பருகும் நம் பழைய முறையில் ஒரு நுட்பம் உள்ளது. புளிப்பதனால் தானியத்திலுள்ள தாதுச் சத்துக்கள் உடலில் சேர்வது எளிதாகிறது. டப்பாக்களில் அடைத்து விற்கப்படும் சத்து மாவுகளில் பலவும் சர்க்கரையை மிகுதியாய்க் கொண்டவை. அவற்றுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு மாதத்துக்கு வேண்டிய கேழ்வரகை வாங்கிவிடலாம்.

பழங்களைப் பற்றிக் கூறும்போது, பண்ணுருட்டிப் பக்கத்தில் ஆண்டுதோறும் நிகழும் ஒரு பெரும் வீணடிப்பைச் சொல்லாதிருக்க முடியவில்லை. மாசி முதல் சித்திரை வரை முந்திரிக் காட்டில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு, பழத்தை மரத்தடியிலேயே எறிந்துவிடுகின்றனர். கொட்டையின் எடையைப்போல் பன்மடங்கு எடையுள்ள இப்பழத்தில், ஆரஞ்சுப் பழத்திலும் பல மடங்கு சி உயிர்ச்சத்து உள்ளது. தொண்டையைக் கரகரக்கச் செய்யும் துவர்ப்பும், ஒரே நாளில் அழுகிவிடும் இயல்புமே இது ஒதுக்கப்படுவதற்குக் காரணங்கள். துவர்ப்பை நீக்கும் வழி மிக எளிது. அன்று காலை விழுந்த, அடிபடாத பழங்களைக் கழுவி, கொட்டை இருந்த முனையை நறுக்கிவிட்டு, துணியில் இட்டுப் பிழியவேண்டும். ஒரு லிட்டர் சாற்றுக்கு முக்கால் ஆழாக்கு (125 மில்லி) ஆறிய வடிகஞ்சியை ஊற்றிக் கலக்கிவைத்தால், துவர்ப்புச் சத்து கஞ்சியோடு சேர்ந்து திரிந்து அடியில் படியும். மேலுள்ள தெளிவை இறுத்து, சிறிது உப்போ வெல்லமோ சேர்த்து அன்றைக்கே பருகிவிடவேண்டும். இரும்புப் பாத்திரம் உதவாது, சாறு கறுத்துவிடும். மண் கலயமோ எவர்சில்வரோ ஏற்றது. கொட்டையின் ஓட்டில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் உண்டாதலால், கொட்டையைத் திருகும் வேலையைக் குழந்தைகளிடம் விடலாகாது. பயற்றுச் சுண்டலுடன் இச்சாறு ஒரு குவளை கொடுத்தால், மேலே கூறிய இரும்புச் சத்துச் சேர்க்கை தானே அமைந்துவிடும்.

முந்திரிப்பழம் இல்லாத மாதங்களுக்கு வாழைப்பழம் இருக்கின்றது. நன்கு கனிந்த பழம் ஒன்றைப் பிசைந்து, ஒரு ஆழாக்குத் தயிரும் ஒரு மேசைக்கரண்டி மணிலாப் பொடியும் சேர்த்து மத்தினால் கடைந்து, வேண்டிய நீர் விட்டுக் கொடுக்கலாம். பட்டணத்துக் கடைகளில் ‘ஸ்மூத்தி’ என்னும் பெயரில் விலை உயர்த்தி விற்கப்படுவது ஏறக்குறைய இதுவே. அங்கே சர்க்கரை கூடுதல். கொய்யாவைச் சாறாக்காமல் கடித்து உண்பதே உத்தமம்.

பலாவைப் பொறுத்தமட்டில், 2011 டிசம்பர் 30-ல் கரை கடந்த ‘தானே’ புயல் எண்ணற்ற மரங்களை வீழ்த்தியபின், புதிதாக நட்டவை காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. 1905-ல் தோன்றிய பாலூர் ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்த ‘பாலூர் 1’ ரகம் குடியானவர்கள் அறிந்ததே. சுளையை உண்டபின் கொட்டையை எறியாமல், உப்பிட்டு அவித்தோ தணலில் சுட்டோ மாலையில் கொடுக்கலாம்.

மணிலாவுக்கு மறுபடியும் வரவேண்டியிருக்கிறது. நல்ல காயை மண்டிக்கு அனுப்பிவிட்டு, சுருங்கியதும் முளைத்ததும் கறுத்ததுமானவற்றை வீட்டுக்கென ஒதுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இது மிகவும் அபாயகரமானது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லக்ஷம் வான்கோழிகள் மடிந்தன. அவை தின்ற மணிலாப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் என்று பின்னர்க் கண்டறியப்பட்டது. ‘அஃப்ளடாக்ஸின்’ என்னும் இந்நஞ்சு கல்லீரலைக் கெடுப்பது, புற்றுநோயையும் விளைவிப்பது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றும் அழிவதில்லை. புரட்டாசி, ஐப்பசியில் மழைக்கிடையே பிடுங்கும் காய்களில் இது தோன்றுவதற்கு இடம் மிகுதி. ஆகையால் செடியைப் பிடுங்கியதும் காய் மேற்புறம் இருக்கக் கவிழ்த்து வைத்து, பின்னர்த் தார்ப்பாயின்மீது பரப்பி, ஆட்டினால் பருப்பு கலகலவென ஒலிக்கும் வரையில், அதாவது ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்குக் குறையும் வரையில் காயவைக்கவேண்டும். மூட்டைகளை வெறுந்தரையில் வைக்காமல் பலகைமீது, சுவரைத் தொடாமல் அடுக்குதல் அவசியம். வீட்டுக்கு நிறுத்தும் இரண்டு மூட்டையும் முதல் தரக் காயாகவே இருக்கட்டும். உரிக்கும்போது நிறம் மாறிய பருப்பு கண்டால் எடுத்தெறியவேண்டும். அதனைச் செக்குக்கு அனுப்பினால் வடிகட்டிய பச்சை எண்ணெயிலும் நஞ்சு தொடரும். மாட்டுக்கு வைத்தால் பாலில் இறங்கி, அதே குழந்தையின் குவளைக்கு வந்து சேரும். தோட்டத்து மூலையில் குழி வெட்டிப் புதைத்துவிடுவதே அதற்குத் தகுந்த வழியாகும்.