பிசானத்து நெல்லும் வருமானம்தான்

பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. ஜீவனாம்ச வழக்கில் தகப்பன் தரப்பு எதிருரை வந்தால், உறையைப் பிரிக்கும் முன்பே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவேன். கூலி வேலை, நிரந்தர வருமானம் இல்லை, வயதான தாய் தகப்பனைக் காப்பாற்றும் பொறுப்பு வேறு. கையெழுத்துப் போட்டவர் வெளியே வேப்பமரத்தடியில் புல்லட்டில் சாய்ந்து நிற்பார்.

குழந்தைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் அட்டவணை கிடையாது. இதற்கான சட்டம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. போதிய வசதி இருந்தும் பிள்ளையைப் பராமரிக்கத் தவறினால் மாதந்தோறும் பணம் கட்டச் சொல்லலாம் என்கிறது அது. 2001 வரைக்கும் 500 ரூபாய்தான் உச்சவரம்பு. வரம்பை எடுத்த பிறகுதான் தகப்பனின் வருமானம் என்ன என்ற சண்டைக்கே உயிர் வந்தது.

மாதச் சம்பளக்காரர் கணக்கு சுலபம். வருமான வரி, கட்டாய வருங்கால வைப்பு நிதி, இந்த இரண்டையும் கழிக்கலாம். வீட்டு வாடகையையும் மின்கட்டணத்தையும் கழிக்க முடியாது என்று 1970-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு வந்த பிறகு சொசைட்டியில் கடன் வாங்கி, பிடித்தம் போகக் கையில் ஆறாயிரம்தான் என்று சம்பளச் சீட்டை நீட்டுகிறவர்கள் உண்டு. அதை நீதிபதிகள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கைக்கு வரும் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயம் என்று 2017-ல் ஒரு மேற்கு வங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லா வக்கீல்களும் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அதே வழக்கில், 95,527 ரூபாய் சம்பளக்காரர் மனைவிக்கும் மகனுக்குமாகக் கொடுக்க வேண்டியதை 20,000 என்றுதான் முடித்தார்கள், அவருக்கு இன்னொரு குடும்பமும் இருந்ததால். ஆக, அது ஒரு கைக்கணக்கு, அவ்வளவுதான்.

சிக்கல் எங்கள் ஆற்றுப் பாசனத்தில் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் மாத வருமானம் என்று ஒன்று ஏது? பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் கார் நெல், வடகிழக்கு மழை கை கொடுத்தால் பிசான நெல், இடையில் வாழை. நவம்பரில் விசாரணை வந்தால் விவசாயித் தகப்பன் கையில் காசு இல்லை என்பது உண்மையாகவே இருக்கும். பிசானம் அறுத்த பிறகு அவரைக் கேட்பார் இல்லை. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரியும் கிடையாது என்பதால் காட்டுவதற்குக் கணக்கும் இருக்காது.

இந்த ஓட்டையை அடைத்தது 2020 நவம்பர் 4-ஆம் தேதி வந்த உச்ச நீதிமன்றத்தின் ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்பு. நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, சுபாஷ் ரெட்டி. இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சொல்லி, அதற்கான படிவத்தையும் இணைத்தார்கள். விவசாயிகளுக்குத் தனிப் படிவம். நிலம் எவ்வளவு, அதில் உங்கள் பங்கு என்ன, நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், மூன்று வருஷமாக என்ன வருமானம், ஆடு மாடு கோழி எத்தனை, பாட்டத்துக்கு எடுத்த நிலம் உண்டா என்று அது கேட்டுக்கொண்டே போகும். எழுதியவர் வரப்பில் நடந்து பார்த்தவரோ என்று எனக்குத் தோன்றியதுண்டு. மூன்று வருஷத்தையும் கூட்டி முப்பத்தாறால் வகுத்துப் பாருங்கள், கூலிக்காரர் என்று எழுதியவர் நிலைமை வேறாகத் தெரியும்.

படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால்? சேரன்மகாதேவிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அப்படி வந்த பத்திரத்தைப் பார்த்துவிட்டு என் மேஜை முன்னால் உட்கார்ந்து அழுதாள். “எல்லாத்துக்கும் ஒண்ணுமில்லைன்னு எழுதிருக்காவளே அண்ணாச்சி!”

“அழாத தாயி. போன பிசானத்துல நெல்லை எங்க போட்டாவ?”

“கவர்மெண்டு கொள்முதல்லதான். துட்டு அவுக பாங்குலதான் விழுந்துச்சு.”

அது போதும். கொள்முதல் நிலையத்தில் நெல் போட வேண்டுமானால் அடங்கலும் வங்கிக் கணக்குப் புத்தகமும் கொடுத்தாக வேண்டும். அடங்கலில் கிராம நிர்வாக அலுவலர் பயிரைக் குறித்திருப்பார். கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியிருந்தால், இத்தனை ஏக்கர் சாகுபடி என்று கணவரே கையெழுத்துப் போட்டிருப்பார். பட்டா, சிட்டாவைச் சர்வே எண் தெரிந்தால் யாரும் இணையத்தில் பார்க்கலாம். வழக்குப் போட்டதும் அவசரமாகத் தம்பி பெயருக்கு எழுதி வைத்ததை வில்லங்கச் சான்று காட்டிக் கொடுத்துவிடும். வக்கீலுக்குச் சட்டம் தெரியும். வயல் எந்த மடையில் இருக்கிறது என்று பெண்டாட்டிக்குத்தான் தெரியும். தெரிந்தே பொய் எழுதியவர் மேல் பொய்ச்சாட்சி நடவடிக்கை எடுக்கலாம் என்றும் தீர்ப்பு சொல்கிறது.

பட்டா அப்பா பெயரில் இருக்கிறது என்பது அடுத்த சாக்கு. பூர்வீகச் சொத்தென்றால் மகனுக்குப் பங்கு உண்டு, அதைப் படிவம் கேட்கிறது. ராதாபுரம் பக்கம் புஞ்சையைக் காற்றாலைக்கு விட்டு வாடகை வாங்குகிறவர்கள் அதையும் காட்ட வேண்டும். வளைகுடாவில் இருப்பவருக்கு அங்கத்திய சம்பளமே கணக்கு. வேலையே இல்லை என்றாலும் தப்ப முடியாது. உடம்பில் தெம்பிருக்கிறவர் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மேலப்பாளையத்திலிருந்தும் முக்கூடலிலிருந்தும் வருகிறவர்கள் பீடிக் கூலியை மறைக்கப் பார்க்கிறார்கள். வேண்டாம். உங்களுக்கும் அதே பிரமாணப் பத்திரம்தான். பீடி சுற்றுகிறாள் என்பதற்காகத் தகப்பன் கடமை போய்விடாது. பிள்ளையின் படிப்புச் செலவு பொதுவாகத் தகப்பனுடையது என்கிறது ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்பு. தாய்க்குப் போதிய சம்பாத்தியம் இருந்தால் மட்டும் பங்கு பிரிக்கலாம். மறைத்த பாஸ்புத்தகம் வெளியே வந்தால்தான் கேஸ் கெடும்.

இவ்வளவு இருந்தும் பல நீதிமன்றங்களில் இந்தப் பிரமாணப் பத்திரத்தைக் கேட்காமலே உத்தரவு போடுகிறார்கள் என்று உச்ச நீதிமன்றமே 2023-ல் வருத்தப்பட்டது. அதனால் நீங்களே கேளுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம், உங்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும். வரும்போது சர்வே எண், கணவருடைய வங்கிக் கிளையின் பெயர், கூட்டுறவு சங்கத்தின் பெயர், பள்ளிக்கூடக் கட்டண ரசீது இவற்றைக் கொண்டு வாருங்கள். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள், மனுப் போட்ட தேதியிலிருந்துதான் ஜீவனாம்சம் ஓடும். உத்தரவு வந்த பின் பாக்கி விழுந்தால், பணம் சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வசூல் மனுப் போட்டுவிட வேண்டும். தவறினால் அந்தப் பாக்கிக்கு வாரண்டு கிடைக்காது.