ஜீன்ஸ் பேட்டர்ன் திருத்தம்

ஜீன்ஸ் பேட்டர்ன் திருத்தம் என்பது, ஆயத்தமாகக் கிடைக்கும் ஜீன்ஸ் தாள் பேட்டர்னை, துணி வெட்டுவதற்கு முன்பே அணிபவரின் உடலுக்கு ஏற்ப மாற்றி வரையும் முறை ஆகும். பேட்டர்ன் ஒரு சராசரி உடலைக் கணக்கில் கொண்டு வரையப்படுகிறது. இடுப்புச் சுற்றளவு ஒன்றாக உள்ள இருவருக்குக்கூட வயிறு, பின்புறம், தொடை ஆகியவை ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆகவே வீட்டில் தைத்த ஜீன்ஸ் சரியாக அமையாவிட்டால், குறை உடலில் இருப்பதாக எண்ணத் தேவையில்லை. தாளைத்தான் திருத்த வேண்டும்.

முன்கூட்டியே திருத்துவதன் தேவை

1873 மே 20 அன்று லெவி ஸ்ட்ராஸ், ஜேக்கப் டேவிஸ் ஆகியோர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற, உலோகக் குமிழ் பதித்த வேலைக் கால்சட்டையே ஜீன்ஸின் முன்னோடி. உழைப்பாளிகளுக்கான அந்த உடை இன்று உடலை ஒட்டி அணியப்படுகிறது; அதனால் சிறு அளவுப் பிழையும் வெளியே தெரிகிறது. மேலும், ஜீன்ஸின் தையல்கள் மடித்து இருமுறை அடிக்கப்படுவதால், சாதாரணப் பாவாடையைப் போலப் பின்னர் பிரித்துத் தளர்த்த ஓரத்துணி மிஞ்சாது. வெட்டிய டெனிம் வெட்டியதுதான்.

அளவெடுத்தல்

மூன்று அளவுகள் முதன்மையானவை:

1. இடுப்பு: பட்டி அமர வேண்டிய இடத்தின் சுற்றளவு.
2. சீட்: பின்புறத்தின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவு.
3. கவட்டு நீளம்: முன் இடுப்பிலிருந்து கால்களுக்கிடையே சென்று பின் இடுப்பு வரை உள்ள நீளம்.

இவற்றைப் பேட்டர்னின் உறையில் அச்சிட்ட அளவுகளோடு மட்டும் ஒப்பிடாமல், தையலுக்கான ஓரத்தை நீக்கிவிட்டுத் தாளையே அளந்து ஒப்பிட வேண்டும். கவட்டு வளைவை அளக்கும்போது டேப்பைச் செங்குத்தாக நிறுத்தி வளைவின்மேல் நகர்த்த வேண்டும்.

எடுத்துக்காட்டாக, சீட் கோட்டில் முன்பாகம் 24.5 செ.மீ., பின்பாகம் 27 செ.மீ. எனில், முழுச்சுற்று (24.5 + 27) × 2 = 103 செ.மீ. அணிபவரின் சீட் 106 செ.மீ.; நீட்சியில்லாத டெனிமில் அசைவுக்கு 3 செ.மீ. சேர்த்தால் 109 செ.மீ. வேண்டும். குறைவான 6 செ.மீ.ஐ நான்கு பக்க ஓரங்களுக்கும் பகிர்ந்து, ஒவ்வொன்றிலும் 1.5 செ.மீ. கூட்ட வேண்டும்.

திருத்தும் வரிசை

முதலில் நீளம், அடுத்து அகலம், பிறகு கவட்டு வளைவு, கடைசியில் இடுப்பு. நீளத்தைப் பின்னால் மாற்றினால் சீட் கோடும் முழங்கால் கோடும் இடம்பெயர்ந்து, முன்பு செய்த அகலத் திருத்தம் பயனற்றுப் போகும்.

மாதிரித் தையல்

திருத்திய தாளைக் கொண்டு மலிவான துணியில் ஒரு மாதிரி தைத்துப் பார்க்க வேண்டும். அதன் கனமும் நீட்சியும் உண்மையான துணியை ஒத்திருக்க வேண்டும். மெல்லிய காடாத் துணியில் நன்றாக அமைந்தது தடித்த டெனிமில் இறுகலாம். பக்கங்களில் 2.5 செ.மீ. ஓரம் விட்டு, எளிதில் பிரிக்கும்படி நீளமான தையல் போட வேண்டும். இடுப்புப் பட்டியும் ஜிப்பும் இல்லாமல் பொருத்தத்தைச் சரியாகப் பார்க்க முடியாது. அவற்றைத் தற்காலிகமாகவேனும் இணைக்க வேண்டும்.

சுருக்கங்களும் தீர்வுகளும்

பின் இடுப்பில் இடைவெளி: 4 செ.மீ. அதிகம் எனில், ஒவ்வொரு பாதியிலும் 2 செ.மீ. குறைக்க வேண்டும். நடுத் தையலில் 1 செ.மீ., யோக்கை மேலிருந்து கீறி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி 1 செ.மீ. எனப் பகிர்ந்தால் வளைவு சீராக இருக்கும். பட்டியையும் அதே அளவு குறைக்க வேண்டும்.

உட்காரும்போது பின்பட்டி கீழே இறங்குதல்: பின் கவட்டு நீளம் போதவில்லை. யோக்குக்குக் கீழே, நடுத் தையலிலிருந்து பக்கத் தையலை நோக்கித் தாளைக் கிடையாக வெட்டி, பக்க ஓரத்தில் ஒட்டியபடி விட்டு, நடுவில் 1 முதல் 2 செ.மீ. விரிக்க வேண்டும். பக்கத் தையலின் நீளம் மாறாது.

பின்புறத்தின் கீழ் துணி தொங்கி மடிதல்: பெரும்பாலும் பின்புறம் தட்டையாக இருப்பதே காரணம். மேற்கண்ட இடத்திலேயே விரிப்பதற்குப் பதிலாக ஏற்றி ஒட்ட வேண்டும்.

முன்பக்கம் கவட்டிலிருந்து தொடையை நோக்கி இழுக்கும் கோடுகள்: தொடைக்கு இடம் போதவில்லை. உள்கால் ஓரத்தில் கவட்டு முனையை 1 செ.மீ. நீட்டி, முழங்காலில் பழைய கோட்டோடு சேர்க்க வேண்டும்.

ஒரு முறையில் ஒரு திருத்தம் மட்டுமே செய்து அணிந்து பார்க்க வேண்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பயன் தந்தது என்று தெரியாது.

துணி வெட்டுமுன்

திருத்திய பின், ஒன்றோடொன்று சேரும் ஓரங்களின் நீளத்தை மீண்டும் ஒப்பிட்டு, கோணல்களைச் சீராக வரைய வேண்டும். டெனிமைத் துவைத்து உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும். பருத்தி டெனிம் முதல் சில துவைப்புகளில், குறிப்பாகப் பாவு நூலின் நீளவாக்கில், சுருங்கக்கூடியது. இறுதித் தாளைத் தடித்த அட்டையில் படியெடுத்து, தேதியும் அளவுகளும் குறித்து வைத்தால் அடுத்த ஜீன்ஸுக்கும் உதவும்.

எல்லைகள்

எல்லாச் சுருக்கங்களையும் நீக்க முயலக் கூடாது. நிற்கும்போது பின்தொடையில் தெரியும் சிறிய மடிப்பே, உட்காரவும் படியேறவும் தேவையான துணியாகும். ஆகவே மாதிரியைக் கண்ணாடி முன் நின்று பார்ப்பதோடு நிறுத்தாமல், உட்கார்ந்தும் குனிந்தும் நடந்தும் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.