உஷார்! மேட்டூர் வற்றினால் யூடியூப் பொங்கும்

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தால் போதும், நம் போன்களில் வெள்ளம் ஏறிவிடும். ‘அணைக்குள் மர்மக் கோயில்! விஞ்ஞானிகள் அதிர்ச்சி!’ சிவப்பு வட்டம், அம்புக்குறி, ஓரத்தில் வாயைப் பிளந்த ஒரு முகம். சேலம், நாமக்கல் மக்களே, உஷார்! அங்கே மர்மமும் இல்லை, அதிர்ந்துபோன விஞ்ஞானியும் இல்லை. 1934-ல் அணை கட்டி முடித்துத் தண்ணீர் தேக்கியதில் மூழ்கிய ஊர்களின் கோயிலும் தேவாலயமும்தான் அவை. பண்ணவாடியில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியின் கதையைச் சொல்லிவிடுவார்.

இதையாவது பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். வயிற்றெரிச்சல் எப்போது என்றால், உண்மையான கண்டுபிடிப்பையே தலைப்பு விழுங்கும்போதுதான். 2025 ஜனவரி 23-ல் ‘இரும்பின் தொன்மை’ அறிக்கையை முதல்வர் மு.க.ஸ்டாலின் வெளியிட்டார். தொல்லியலாளர்கள் கா.ராஜனும் இரா.சிவானந்தமும் எழுதியது. உடனே இரும்புக்கு 5,300 ஆண்டு என்ற எண் ஊரெல்லாம் சுற்றியது. அது தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளுக்கு வந்த காலம். அதே அறிக்கையில் நம் மேட்டூர் பக்கத்து மாங்காடும் இருக்கிறது. அங்கே கிடைத்த இரும்புக்குக் காலம் கி.மு. 1604-க்கும் 1416-க்கும் இடையில். ஏறக்குறைய மூவாயிரத்து ஐந்நூறு வருஷம். இது என்ன குறைச்சலா? இரண்டு எண்ணுக்கும் நடுவே 188 வருஷ இடைவெளி இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். கார்பன் கணிப்பு ‘இதற்குள் இருக்கலாம்’ என்று ஒரு வரம்பைத்தான் தரும். ஊர் பெயரும் சொல்லாமல், வரம்பும் சொல்லாமல் ஒற்றை எண்ணை மட்டும் ஒருவர் அடித்துவிட்டால், அந்த இடத்திலேயே வீடியோவை மூடிவிடலாம்.

டைனோசர் முட்டை விவகாரம் இன்னும் வேடிக்கை. 2009-ல் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைப் படிமங்கள் கிடைத்ததாக அறிவித்தது நம் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் ஆய்வுக் குழு. நம் பல்கலைக்கழகம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டதும் ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்அப் அலறியது. அவை அம்மோனைட் என்ற கடல் உயிரியோடு சேர்ந்து மண் இறுகி உருவானவை என்று நிலவியலாளர்கள் விளக்கினார்கள். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அந்தச் செய்தியை யார் பார்வேர்டு செய்தார்கள்?

வெறும் பொய்யோடு போனால் பரவாயில்லை. ‘புதையல்’ என்று ஒரு தலைப்பு போட்டால் மறுநாளே யாராவது கடப்பாரையோடு கிளம்பிவிடுகிறார்கள். பழைய ஈமக் குழியின் கல்வட்டத்தைக் கலைத்து, முதுமக்கள் தாழியை உடைத்து, உள்ளிருக்கும் கரியையும் உமியையும் கொட்டிவிட்டால் எந்த ஆய்வகம் வந்து காலம் சொல்லும்? அந்தக் குழியில் தங்கம் கிடையாது, தகவல்தான் உண்டு. போதாக்குறைக்கு வழக்கும் வரும். மண்ணுக்குள் கிடைக்கும் புதையலை கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள்.

கிணறு வெட்டும்போதோ, வண்டல் எடுக்கும்போதோ பானையோ இரும்போ தட்டுப்பட்டால் கழுவாதீர்கள், சுரண்டாதீர்கள். இருந்த இடத்தோடு ஒரு போட்டோ எடுத்து வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். ரீல்ஸ் போடுவதை அதிகாரிகள் வந்து பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.