லைம் நோயில் ஒளி, ஒலிக் கூச்சம்

லைம் நோய் என்பது பொரேலியா என்னும் பாக்டீரியாவால் உண்டாகி, உண்ணிக் கடியால் பரவும் தொற்றுநோய் ஆகும். 1970களில் இது கண்டறியப்பட்ட அமெரிக்க ஊரான லைம் என்பதே இதன் பெயராயிற்று. இந்நோயாளிகள் சிலருக்குச் சாதாரண வெளிச்சமும் ஓசையும்கூடத் தாங்க முடியாதவை ஆகின்றன. வெளியே தெரியாததால் பிறர் இதை வீண் பிடிவாதம் என எண்ணுவதுண்டு. ஆனால் இதற்கு உடலியல் காரணங்கள் உள்ளன.

காரணங்கள்

தொற்று முக நரம்பைத் தாக்கினால் முகவாதம் ஏற்படலாம். நடுச்செவியில் பேரொலியைத் தணிக்கும் சிறு தசையை இயக்குவதும் இந்நரம்பே. அத்தசை செயலிழந்தால் பாத்திரம் விழும் ஓசையும் இடிபோல் கேட்கும். இமை முழுதும் மூடாததால் கண் உலர்ந்து கூசும். மூளையுறை அழற்சியும் கண்கூச்சத்தை உண்டாக்கும்.

சமாளிக்கும் முறைகள்

* தொற்றுக்கு டாக்சிசைக்ளின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளை மருத்துவர் குறித்த நாள்வரை உட்கொள்ள வேண்டும். தொற்று நீங்கிய பின்னும் கூச்சம் நீடித்தால், அம்மருந்தை மாதக்கணக்கில் தொடர்வதால் பயனில்லை.
* வெயிலில் குளிர்கண்ணாடி அணியலாம். வீட்டுக்குள்ளும் எந்நேரமும் அணிந்தால், இருளுக்குப் பழகிய கண் மேலும் கூசும்.
* சந்தை, திருமண மண்டபம் போன்ற இரைச்சலான இடங்களில் மட்டும் காதடைப்பான் போதும். நாள் முழுதும் அமைதியில் இருந்தால் சிற்றொலியும் உறுத்தும். மெல்லிய ஓசையில் தொடங்கிச் சிறிது சிறிதாகப் பழக வேண்டும்.
* இமை மூடாதவர்கள் மருத்துவர் கூறும் கண் சொட்டு மருந்தைப் பயன்படுத்த வேண்டும்.

எச்சரிக்கை

கண்கூச்சத்துடன் காய்ச்சல், கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.