பிரீமியம் குறைந்தால் செலவு குறையுமா?

ஒரு மில்லில் துவரம் பருப்பு மூட்டைக்கு 40 ரூபாய் குறைவு. ஆனால் லாரி வாடகை 2,400 ரூபாய் நம் தலையில். இன்னொரு மில்லில் விலை கூடுதல். கடை வாசலில் இறக்கித் தருகிறார்கள். எது லாபம் என்று கேட்டால் நம் வியாபாரிகள் பேனா தேடுவதில்லை. 60 மூட்டைக்கு மேல் என்றால் முதல் மில், அதற்குக் குறைவென்றால் இரண்டாவது மில் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் இதற்கு அசமன்பாடு என்று பெயர். சமக் குறிக்குப் பதிலாகப் 'பெரிது', 'சிறிது' குறி போடும் இயற்கணிதம், அவ்வளவுதான்.

இதே வியாபாரி மருத்துவ இன்சூரன்ஸ் எடுக்கும்போது மட்டும், பிரீமியம் எது குறைவு என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். 1986இல் அரசுக் கம்பெனிகள் மெடிகிளெய்ம் கொண்டு வந்த காலத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அதிகம் இல்லை. 2000க்குப் பின் தனியாரும் வந்துவிட்டார்கள்; இன்று ஏஜெண்ட் பையைத் திறந்தால் பல விதப் பாலிசிகள். விலையோடு லாரி வாடகையையும் சேர்த்துப் பார்க்கிற புத்தியை இங்கேயும் காட்டவேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

கணக்குக்காக இரண்டு பாலிசிகளை வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் காப்புத் தொகை 5 லட்சம். முதலாவதற்கு ஆண்டுப் பிரீமியம் 18,000. பில் முழுவதும் கம்பெனியைச் சேர்ந்தது. இரண்டாவதற்கு 12,000, ஆனால் 'கோ-பே' 20 சதவீதம், அதாவது ஒவ்வொரு பில்லிலும் ஐந்தில் ஒரு பங்கு நாம் கட்டவேண்டும். ஆஸ்பத்திரி பில்லை 'ப' என்று கொண்டால், முதல் பாலிசி லாபமாக இருப்பதற்கு:

18,000 < 12,000 + 0.20 ப

இருபுறமும் 12,000ஐக் கழித்தால் 6,000 < 0.20 ப. அதாவது ப > 30,000. பில் முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டால், மலிவுப் பாலிசிதான் விலை கூடிய பாலிசி.

ஆண்டுதோறும் யார் ஆஸ்பத்திரியில் படுக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை என்றால் மிச்சப்பட்ட பிரீமியம் 30,000. அப்போது ப > 1,50,000 என்றால்தான் முதலாவது லாபம். பத்து ஆண்டுக்கு ஒரு முறை என்றால் 3 லட்சம். (வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும்; கணக்கு எளிதாக இருக்க அதை விட்டுவிட்டோம்.) உடம்பு திடமாக உள்ளவருக்கு இரண்டாவதும் பரவாயில்லை என்றே தோன்றும்.

ஆனால் மிச்சம் பிடித்த 6,000 பெட்டியில் தனியாகத் தூங்குவதில்லை, சரக்காக மாறிவிடும். 5 லட்ச ரூபாய் பில் வரும் அன்று 1 லட்சத்தை எண்ணி வைக்கவேண்டும். மொத்த வியாபாரத்தில் இருக்கும் நாம் இதை அடிக்கடி பார்க்கிறோம். நாணயமான கடைக்காரர், இரண்டு மாதமாகப் பாக்கி வரவில்லை என்று விசாரித்தால் வீட்டில் ஆபரேஷன் என்பார்கள். கடை முதல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும். தீபாவளிச் சரக்கு எடுக்க வட்டிக்கு அலைவார். அந்த வட்டியும் மலிவுப் பாலிசியின் விலையில்தான் சேரவேண்டும்.

பிரீமியத்தைக் குறைத்தே தீரவேண்டும் என்பவருக்குக் கோ-பேயைவிட 'டிடக்டிபிள்' மேல் என்பது நமது கருத்து. ஆண்டுக்கு முதல் 25,000 நம்முடையது, மீதி கம்பெனியுடையது என்ற ஏற்பாடு. பிரீமியம் 13,000 என்று வைத்தால், காப்புத் தொகைக்குள் எவ்வளவு பெரிய பில் வந்தாலும் நம் செலவு 38,000ஐத் தாண்டாது. கோ-பேயில் அப்படி ஒரு நிறுத்தம் இல்லை. பில்லோடு கூடவே ஏறும். 12,000 + 0.20 ப > 38,000 என்று போட்டுப் பாருங்கள். ப > 1,30,000 என்று வரும். இன்று ஒரு பெரிய ஆபரேஷன் அந்தத் தொகைக்குள் முடிகிறதா என்பதை அவரவர் ஊர் ஆஸ்பத்திரியில் விசாரித்துக்கொள்ளலாம்.

அறை வாடகை இன்னொரு பொறி. சில பாலிசிகளில் நாள் வாடகைக்குக் காப்புத் தொகையில் 1 சதவீதம்தான் வரம்பு. 3 லட்சம் பாலிசிக்கு 3,000. 6,000 ரூபாய் அறையில் தங்கினால் வாடகை வித்தியாசம் மட்டுமே போகும் என்று எண்ணக்கூடாது. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் ஆகியவற்றிலும் பாதியை வெட்டிவிடுவார்கள். மருந்து, உடலில் பொருத்தும் கருவி, பரிசோதனைச் செலவு இவற்றில் அந்த வெட்டு கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் வரையறுத்தது. ஆகவே பாலிசித் தாளில் 'அறை வாடகை' என்ற வரியைப் பிரீமியத்துக்கு முன்பே படிக்கவேண்டும்.

குரூப் பாலிசி எடுக்க நினைக்கும் சங்கங்களுக்கு ஒரு சொல். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு கிடைத்தது, குரூப் பாலிசிகளுக்கு அந்த விலக்கு தரப்படவில்லை. 18 சதவீத வரியோடு பார்த்தால், குரூப் பிரீமியம் 'க' என்றால் 1.18 க < 18,000 ஆக இருக்கவேண்டும். அதாவது சுமார் 15,250க்குள் அடங்கினால்தான் தனிப் பாலிசியைவிட மலிவு. ஏஜெண்ட் சொல்லும் தொகை வரி சேர்ந்ததா, சேராததா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளவும். பணத்தைச் செக்காகவோ வங்கி வழியாகவோ கட்டவும். ரொக்கமாகக் கட்டிய பிரீமியத்துக்கு வருமான வரிக் கழிவு கிடையாது.