வாடைக் காற்றும் முக்குளிப்புத் தொழிலும்

சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் எரியும் நாட்களில், சிங்கப்பூரில் முக்குளிப்புத் தொழில் நடத்துவோர் நாட்காட்டியையும் வானிலை அறிக்கையையும் அருகருகே வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. தீபாவளி சந்திரனைப் பார்த்து வருவது. வாடைக் காற்றுக்கோ அந்தக் கணக்குத் தெரியாது. 2025-ஆம் ஆண்டில் பண்டிகை அக்டோபர் 20-ஆம் தேதி, திங்கட்கிழமை வந்தது. சனி, ஞாயிறு, திங்கள் என மூன்று நாட்கள் சேர்ந்தாற்போல் ஓய்வு. கடலும் பெரும்பாலும் இணங்கியிருக்கும் காலம். 2023-ஆம் ஆண்டிலோ அது நவம்பர் 12-ஆம் தேதி வந்தது. மலாயாத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் தீவுகளுக்குச் செல்லும் படகுத்துறைகள் ஒவ்வொன்றாக அடைபடும் பருவம் அது. பண்டிகை மூன்று வாரம் தள்ளி வந்ததனால் ஒரு தொழிலின் ஆண்டுக் கணக்கே இடம் மாறுகிறது என்பது, விளக்கலங்காரம் காண வருவோர் பலர் அறியாத செய்தி.

அழுத்தி நிரப்பிய காற்றுருளையை முதுகிற் சுமந்து, அதிலிருந்து குழாய் வழியே மூச்சு வாங்கிக்கொண்டு நீருக்கடியில் உலவுவதே ஸ்கூபா முக்குளிப்பு. உருளையில் இருப்பது தனிப் பிராணவாயு என்று எண்ணுவோர் உளர், அது பிழை. பொதுவாக அதில் இருப்பது யாவரும் சுவாசிக்கும் காற்றேயாம். இதனைக் கற்க விரும்புவோர் ஏட்டுப் பாடத்தையும் நீச்சற்குளப் பயிற்சியையும் நகரிலேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் சான்றிதழ் வேண்டுமாயின் கடல் போன்ற திறந்த நீர்நிலையில் இறங்கியே தீரவேண்டும். பரவலாக வழங்கும் தொடக்கநிலைப் பாடத்திட்டத்தின்படி, குறைந்தது இரண்டு நாட்களில் நான்கு முறை முக்குளித்தாக வேண்டும்.

சிங்கப்பூரிலேயே கடல் இருக்க, அயல்நாட்டுக் கடலுக்கு ஏன் போக வேண்டும் என்ற கேள்வி எழலாம். பேய்த் தீவு என்று பொருள்படும் புலாவ் ஹந்துவிலும், 2014-ஆம் ஆண்டில் கடற்பூங்காவாக அறிவிக்கப்பெற்ற சகோதரித் தீவுகளிலும் முக்குளிப்போர் உண்டு. இக்கடலில் 250-க்கும் மேற்பட்ட கற்பவள வகைகள் இருப்பதாக ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். குறை யாதெனில், பல்லாண்டு நில மீட்பினால் கிளம்பிய வண்டல். சில மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நீரில் புதிய மாணவர் அறுவரைக் கட்டி மேய்ப்பது எந்த ஆசிரியருக்கும் எளிதன்று. ஆதலின் வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் விட்டதும் கடற்பாலத்தைக் கடந்து, ஜொகூரின் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங் பட்டினத்தை அடைந்து, அங்கிருந்து படகேறித் தியோமான் தீவுக்குச் சென்று, ஞாயிறு இரவு வீடு திரும்புவது பல ஆண்டுகளாக நடந்துவரும் ஏற்பாடாயிற்று. தனி விடுப்பு எடுக்க வேண்டியதில்லை. விமானச் செலவும் இல்லை. இந்த வார இறுதிப் பயணமே பல கடைகளுக்கு அச்சாணி எனலாம்.

அந்த அச்சாணி ஆண்டுதோறும் நவம்பரில் கழன்று, மார்ச்சில்தான் மீண்டும் பூட்டப்படுகிறது.

காற்றும் அலையும்

வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் மீது ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் தடையின்றி ஓடி வந்து தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் மோதுகிறது. காற்று எவ்வளவு தூரம் நீரின்மேல் ஓடுகிறதோ அவ்வளவுக்கு அலையும் வளரும். சிங்கப்பூர் நீரிணை தீபகற்பத்துக்கும் ரியாவ் தீவுகளுக்கும் இடையே ஒதுங்கி நிற்பதால் அங்கே அலை வளர இடமில்லை. மெர்சிங்குக்கோ அத்தகைய அரண் கிடையாது. போதாக்குறைக்கு அதன் படகுத்துறை ஆற்று முகத்தில் இருக்கிறது. முகத்துவாரம் ஆழங்குறைந்ததாகையால், அமைதியான மாதங்களிலேயே படகுகள் ஏற்றவற்றம் பார்த்துத்தான் புறப்படும். கால அட்டவணை நாளுக்கு நாள் மாறும். வாடைக்காலத்தில் அதே மேட்டின்மீது அலை உடையும்போது, நீர் போதிய அளவு இருந்தும் படகு வெளியேற இயலாது போகும்.

மலேசிய வானிலைத் துறை பலத்த காற்றுக்கும் கொந்தளிப்புக்கும் மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது. காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோ மீட்டரும் அலை 3.5 மீட்டர் வரையும் இருப்பின் முதற்படி: சிறு படகுகளுக்கும் கடல் விளையாட்டுகளுக்கும் ஆபத்து. 50 முதல் 60 கிலோ மீட்டரும் 4.5 மீட்டர் வரையும் இரண்டாம் படி: மீன்பிடித்தலும் பயணிகள் படகுப் போக்குவரத்தும் ஆபத்துக்குள்ளாகும். அதற்கு மேற்பட்டது மூன்றாம் படி. நாகப்பட்டினம், பாம்பன் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளை அறிந்தவர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். முக்குளிப்புத் தொழில் முதற்படியிலேயே நின்றுவிடுகிறது. பெரிய பயணிகள் படகு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் நாளிலும் முக்குளிப்போர் நீரில் இறங்க முடியாமற் போவதுண்டு.

மேலே அலையிருந்தால் என்ன, ஆழத்தில் அமைதிதானே என்பது பலருடைய எண்ணம். இது பாதி உண்மை. அலையின் ஆட்டம் அதன் நீளத்தில் ஏறத்தாழப் பாதி ஆழம் வரையில் எட்டும். நான்கு விநாடிக்கு ஒருமுறை வரும் சிற்றலையின் நீளம் ஏறக்குறைய 25 மீட்டர். 12 மீட்டருக்குக் கீழே அதன் வேகம் தெரியாது. எட்டு விநாடிக்கு ஒருமுறை வரும் வாடைக்கால நெட்டலையின் நீளமோ 100 மீட்டர். அது 50 மீட்டர் வரையில் நீரை ஆட்டும். பொழுதுபோக்காக முக்குளிப்போர்க்கு விதித்த எல்லையே 40 மீட்டர்தான். ஆக, அவர்கள் செல்லக்கூடிய எந்த ஆழமும் அந்த அலைக்குத் தப்பாது. அடிமணல் கிளம்பிக் கண்ணை மறைக்கும். பாறையருகே நிற்பவரை நீர் முன்னும் பின்னும் இழுக்கும். இவற்றினும் கொடியது மேலே வந்தபின் நேர்வது. எழுந்து விழும் படகின் ஏணி தலைமேல் இறங்கக்கூடும். இரண்டு மீட்டர் அலைகளுக்கிடையே மிதக்கும் ஒரு தலையைப் படகோட்டி காண்பதே அரிது.

சிங்கப்பூர்வாசிகளை ஏமாற்றுவது பெப்ரவரி மாதம். வாடைக்காலம் நகரில் இரு கூறாக நடக்கிறது. டிசம்பரும் ஜனவரித் தொடக்கமும் மழைக்கூறு. 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரு நாட்களில் சாங்கியில் பெய்த மழை, ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியையே விஞ்சியது. ஜனவரி இறுதிக்கு மேல் வருவது வறண்ட கூறு. வானம் தெளிந்திருக்கும், இதமான காற்று வீசும், தேக்காவில் குடையின்றி நடக்கலாம். அவ்வேளையில் வாடிக்கையாளர், மழைதான் விட்டுவிட்டதே, இன்னும் ஏன் படகில்லை என்று கேட்பார். ஆனால் படகுத்துறையை மூடுவது மழையன்று, காற்று. நகரத்தில் இதமாக வீசும் அதே வடகிழக்குக் காற்றுதான் அங்கே மெர்சிங் முகத்துவாரத்தில் அலையாக உடைந்துகொண்டிருக்கிறது. மேகத்தைப் பார்த்துக் கடலை அளப்பது நகரத்தார் பழக்கம். மீனவர் அவ்வாறு செய்வதில்லை.

நிலநடுக்கோட்டை ஒட்டிச் சூறாவளி தோன்றாது என்று பாடநூல்கள் கூறிவந்ததையும் வாடைக்காற்று ஒருமுறை பொய்யாக்கியது. 2001 டிசம்பர் 27-ஆம் தேதி வாமெய் என்ற சூறாவளி ஜொகூரின் தென்கிழக்கே, சிங்கப்பூருக்கு மிக அண்மையில் கரையேறிற்று. வட அகலாங்கு ஒன்றரைப் பாகையளவில் அத்தகைய புயல் உருவானது அபூர்வம். இருப்பினும் தொழிலை ஆட்டிப் படைப்பது இத்தகைய அபூர்வங்கள் அல்ல. ஆண்டுதோறும் தவறாது வரும் சாதாரணக் காற்றுதான்.

வாடகைக்குப் பருவமில்லை

வடக்கே திரெங்கானு மாநிலத்தின் ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகள் ஏறத்தாழ நவம்பர் தொடங்கிப் பெப்ரவரி முடிய அடியோடு மூடப்படுகின்றன. தியோமானின் நிலை சற்று வேறு. அதன் சிற்றூர்களிற் பல மேற்குப் புறத்தில், மலையின் மறைவில் இருப்பதால், சில விடுதிகள் குறைந்த ஆட்களுடன் திறந்திருக்கும். படகும் குறைவாக, கடல் விட்டபோது ஓடும். கிழக்கு நோக்கிய ஜுவாரா சிற்றூருக்கு அந்த மறைவும் இல்லை.

நான்கு மாதம் முற்றாக மூடுவதுதான் பெருநட்டம் என்று தோன்றும். கணக்கை நுணுகிப் பார்த்தால் அப்படியன்று. வருமென்று தெரிந்த மூடலுக்கு ஆயத்தம் செய்துகொள்ள வழியுண்டு. அம்மாதங்களில் கடைக்காரர் கருவிகளைப் பிரித்துப் பழுது பார்ப்பர். நீச்சற்குள வகுப்பு நடத்துவர். மேற்கே அந்தமான் கடலில் பருவம் நேர்மாறாகையால், மே நடுவில் மூடி அக்டோபர் நடுவில் திறக்கும் தாய்லாந்தின் சிமிலான் தீவுகளுக்கு வாடிக்கையாளரை அழைத்துச் செல்வர். அங்கு விமானத்தில் போக வேண்டும், விடுப்பும் எடுக்க வேண்டும் என்பதால் வருவோர் தொகை குறையும். நகரத்துக் கடை வாடகையோ பன்னிரண்டு மாதமும் ஒரே அளவில் கொடுக்க வேண்டியது. இதில் இன்னொரு முரண்பாடும் உண்டு. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் நீண்ட விடுமுறை நவம்பர் இறுதியிலும் டிசம்பரிலும் வருகிறது. குடும்பத்தோடு தீவுக்குப் போக மக்கள் விரும்பும் காலமும், தீவு மூடிக்கிடக்கும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

உண்மையில் இடிப்பவை பருவத்தின் இரு ஓர வாரங்கள். அக்டோபர் கடைசியிலும் மார்ச்சுத் தொடக்கத்திலும் கடல் இன்று திறந்து நாளை மூடும். எடுத்துக்காட்டாக, இருபது பேர் கொண்ட ஒரு குழுவை எண்ணிப் பார்க்கலாம். பேருந்துக்குப் பேசியாயிற்று; விடுதிக்கு முன்பணம் போயிற்று; ஆசிரியர்கள் மூவர் வேறு வேலையை விட்டு வந்துள்ளனர். விடியற்காலை மெர்சிங்கை அடைந்ததும், இன்று படகில்லை என்ற அறிவிப்பு. பேருந்துக்காரருக்குக் கூலி உண்டு. அவர் வண்டி ஓடிவிட்டது. விடுதிக்காரர் பெருந்தன்மையிருந்தால் தேதியை மாற்றிக் கொடுப்பார். வாடிக்கையாளர் பணத்தைத் திருப்பிக் கேட்பார், அது நியாயமே. பாடம் முடிந்தால்தான் ஊதியம் என்ற ஏற்பாட்டில் வந்த ஆசிரியருக்கு அன்று ஒன்றுமில்லை. நான்கு முக்குளிப்பில் இரண்டே முடிந்த மாணவரின் சான்றிதழும் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போகும். மூடல் போகும்போது வராமல் திரும்பும்போது வந்தாலோ தொல்லை வேறுவகை. திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் இருக்க வேண்டியவர் தீவில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குச் சோறும் படுக்கையும் யார் செலவு என்பது விவாதமாகும். தீவுப் படகோட்டியின் நட்டத்தை இந்த விவாதத்தில் யாரும் சேர்ப்பதில்லை.

முத்துக்குளித்தோர் அறிந்த கணக்கு

காற்றைப் பார்த்து முக்குளிப்பது தமிழருக்குப் பழைய வழக்கம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு, வாடை அடங்கித் தென்மேற்குக் காற்று எழுவதற்கு இடைப்பட்ட சில வாரங்களில்தான் நடந்தது. கடல் தெளிவதும் அப்போதுதான். இன்றும் இலங்கையில் தொழில் இரு கரைகளுக்கிடையே மாறி மாறி நடக்கிறது. வாடையின்போது தென்மேற்கே ஹிக்கடுவை. சோளகம் வீசும்போது கிழக்கே திருகோணமலையும் புறாத்தீவும். ஒரு கரை மூடினால் மறுகரை திறக்கும் அவ்வசதி சிங்கப்பூர்க் கடைக்காரருக்குப் பேருந்துத் தூரத்தில் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ஆம் தேதி கோலாகலமாகத் தொடங்கிய கப்பல் சேவை, பருவமழை நெருங்கியதால் ஒரு வாரத்துக்குள் நிறுத்தப்பட்டு, மறு ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதியே மீண்டும் தொடங்கியது. தொடக்கவிழாவுக்குத் தேதி குறித்தவர்கள் ஒரு மீனவரைக் கேட்டிருக்கலாம்.

படகுத்துறை மூடலைத் தொழிலின் பகையென்று கடைக்காரரிற் சிலர் நொந்துகொள்வதுண்டு. மூடலே இல்லாத நிலையை எண்ணிப் பார்த்தால் உண்மை விளங்கும். முதற்படி எச்சரிக்கை விடுத்த நாளில் ஒரு கடை பயணத்தை நிறுத்துகிறது என்றும், அடுத்த கடை துணிந்து போகிறது என்றும் கொள்வோம். முதற்கடைக்கு நட்டம், வாடிக்கையாளரும் அடுத்த கடைக்குப் போய்விடுவர். பத்து முறையில் ஒன்பது முறை துணிந்தவர் நலமாகவே திரும்புவார். பத்தாவது முறைதான் தெரியவரும். இவ்வாறு போட்டி நிலவும் தொழிலில் நிதானமுள்ளவரே தண்டிக்கப்படுகிறார். துறைமுக அதிகாரி கயிற்றைக் குறுக்கே கட்டிவிட்டாலோ எல்லாரும் ஒரே நிலையில் நிற்கின்றனர். "நான் மறுக்கவில்லை, துறை மூடியிருக்கிறது" என்று கடைக்காரர் முகங்கோணாமற் சொல்லலாம். கடற்பாலம் 2020 மார்ச் 18-ஆம் தேதி நோய்த்தொற்றுக்காக மூடப்பட்டு, 2022 ஏப்ரல் முதல் தேதிதான் முழுமையாகத் திறந்தது. எப்போது முடியும் என்றே தெரியாத அந்த மூடலோடு ஒப்பிட்டால், தேதி தெரிந்து வரும் வாடைக்காலம் பழகிய விருந்தாளி போன்றது.

ஓர வாரங்களுக்கு அறிவுள்ள கடைகள் கண்ட வழி, பணம் வாங்கும்போதே நிபந்தனையைச் சொல்லிவிடுவது. துறை மூடினால் பணமா, வேறு தேதியா, பங்கு எவ்வளவு என்பதை எழுத்திற் கொடுத்துவிட்டால், விடியற்காலையில் துறைமுகத்தில் நின்று வாதாட வேண்டியிராது. அக்டோபர் இறுதிப் பயணங்களுக்குப் புதிய மாணவரைச் சேர்க்காமல், ஏற்கெனவே சான்றிதழ் பெற்றவரை மட்டும் அழைத்துச் செல்வதும் ஒரு முறை. பயணம் தவறினாலும் யாருடைய பாடமும் அரைகுறையாய் நிற்காது.

மார்ச்சில் கடல் இறங்கியதும் முதலில் நீருக்குள் செல்ல வேண்டியவர் ஆசிரியரே. நான்கு மாத அலையில் மிதவைக் கயிறுகள் அறுந்திருக்கலாம். பவளக் கிளைகள் முறிந்து கிடக்கலாம். மணல் இடம் மாறியிருக்கலாம். அவர் மேலே வந்து நீர் எப்படியென்று சொன்ன பிறகுதான் அவ்வாண்டின் முதல் மாணவர் காற்றுருளையைத் தோளில் மாட்டுவர்.