புதன்கிழமை காலை, முப்பது சதவீதம்

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறையிலோ இடுக்கியின் வண்டிப்பெரியாற்றிலோ கம்ப்யூட்டர் வைத்துப் பிழைப்பவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். மாதத்தில் ஒரு புதன்கிழமை அவருக்கு ஆகாத நாள். கடையைத் திறந்து, சாமி படத்துக்குப் பத்தி ஏற்றி, முதல் விண்ணப்பத்தைத் தொடங்குவதற்குள் மெஷின் நத்தையாகிவிடும். ஹேங் ஆகிவிட்டது என்று ரீஸ்டார்ட் கொடுத்தால் வந்தது வினை. திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமடிக்கும். கணினியை அணைக்காதீர்கள் என்று கீழே ஒரு வரி. வெளியே பெஞ்சில் வருமானச் சான்றுக்கு ஒருவர், ஆதார் திருத்தத்துக்கு இருவர், காலேஜ் அட்மிஷனுக்கு ஒரு பெண்ணும் அவளுடைய அப்பாவும்.

"இன்னும் எத்தனை நேரமாகுமுங்க?"

"முப்பதுலயே நிக்குதுங்ண்ணா."

ஏன் புதன்? மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2003 அக்டோபர் முதல் விண்டோஸின் பாதுகாப்புத் திருத்தங்களை மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மொத்தமாக வெளியிடுகிறது. வாரத் தொடக்கத்தின் நெருக்கடி ஓய்ந்திருக்கும், கோளாறு வந்தால் சரிசெய்ய வேலைநாட்கள் மிச்சமிருக்கும் என்பது கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் அது அமெரிக்காவின் கணக்கு. அங்கே மேற்குக் கரையில் காலை பத்து மணி என்றால் இங்கே இரவு பத்தரை. அவர்களுடைய குளிர்காலத்தில் பதினொன்றரை. அந்நேரம் நம் ஊர்க் கடைகளில் ஷட்டர் இறங்கியிருக்கும். ஆக, செவ்வாயின் அப்டேட் நமக்குப் புதன் காலையில்தான் விடிகிறது.

முப்பதில் நிற்பதற்கும் காரணம் உண்டு. அந்தச் சதவீதம் நேரத்தைக் காட்டுவது அல்ல. வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதன் குத்துமதிப்பு. ஒரு கட்டம் நொடியில் முடியும், அடுத்தது அரை மணி இழுக்கும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அது பயன்படுத்தும் கோப்புகளைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. போடிமெட்டுச் சுரம் ஏறிக்கொண்டிருக்கும் பஸ்ஸுக்கு டயர் மாற்ற முடியாதல்லவா, அதுபோல. அதனால்தான் வண்டியை நிறுத்தச் சொல்கிறது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷினில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடித் தேடி மாற்ற வேண்டும். அதே வேலை எஸ்.எஸ்.டி. போட்ட மெஷினில் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

இடுக்கியில் இன்னொரு தொல்லை சேர்கிறது. மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் கரண்ட் போய்விடும். நடுவழியில் மின்சாரம் நின்ற அப்டேட்டை விண்டோஸ் திரும்ப வரும்போது பின்னோக்கி அவிழ்க்கத் தொடங்கும். செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறேன் என்று மறுபடியும் வட்டம். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் 1940இல் இயங்கத் தொடங்கியது மூணாறுக்குப் பக்கத்தில்தான். 780 மெகாவாட் இடுக்கி மின் திட்டமும் இதே மாவட்டம்தான். ஆனாலும் இங்கே கம்ப்யூட்டர் வாங்கும்போது யூ.பி.எஸ். பேட்டரியை முதலில் பார்க்க வேண்டும். எஸ்டேட் லயங்களில் மொபைல் டேட்டாவை நம்பி லேப்டாப் ஓட்டுகிற மாணவர்களுக்கு, சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும் சில ஜி.பி. அப்டேட் அன்றைய டேட்டாவையே விழுங்கிவிடும்.

இத்தனை எரிச்சலுக்குப் பிறகு, இந்த அப்டேட்டே வேண்டாம் என்று முடக்கி வைப்பவர்கள் ஏராளம். அப்படித் தள்ளிப்போட்டதன் விலை என்ன என்பதற்குப் பாலக்காட்டிலேயே சாட்சி இருக்கிறது.

2017 மே 12 வெள்ளிக்கிழமை 'வான்னாக்ரை' என்ற பணயத் தீநிரல் உலகமெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் பிட்காயினாகக் கட்டு என்றது. சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாட்டிக்கொண்டன. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. கேரளத்தில் திங்கட்கிழமை அலுவலகம் திறந்தபோது வயநாட்டின் தரியோடு பஞ்சாயத்து அலுவலகத்திலும் பத்தனம்திட்டாவின் அருவாப்புலம் பஞ்சாயத்து அலுவலகத்திலும் பணம் கேட்கும் சிவப்புப் பெட்டி திரையில் நின்றது. மறுநாள் மே 16 அன்று தெற்கு ரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகம். அங்கே பணியாளர் பிரிவிலும் கணக்குப் பிரிவிலும் கணினிகள் பூட்டப்பட்டன. ரயில்கள் ஓடியதில் குறை வரவில்லை.

அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டை யாருக்கும் தெரியாத ஒன்றல்ல. அமெரிக்க உளவு நிறுவனம் ஒன்று அதைக் கண்டுபிடித்துத் தன் உபயோகத்துக்கு ஒளித்து வைத்திருந்தது. அந்தக் கருவி ஏப்ரலில் வெளியே கசிந்தது. ஆனால் அதற்கு முன்பே, மார்ச் 14ஆம் தேதி, மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டுவிட்டது. அது ஓர் இரண்டாம் செவ்வாய். தாக்குதலுக்குச் சரியாக 59 நாள் முன்பு! ஆதரவு எப்போதோ நிறுத்தப்பட்ட எக்ஸ்.பி.க்குக்கூட, தாக்குதல் தொடங்கிய பிறகு அவசரமாகத் திருத்தம் கொடுத்தார்கள். பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 மெஷின்கள், அதாவது மார்ச்சிலேயே மருந்து கிடைத்தும் சாப்பிடாதவை.

இதைச் சொல்லி ஜனங்களைத் திட்டுவது சுலபம். ஆனால் மருந்தே நோய் கொடுத்த கதைகளும் இருக்கின்றன. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10இன் பெரிய அப்டேட் சிலருடைய ஆவணங்களை, படங்களை அழித்தே விட்டது. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி வைத்து, அடுத்த மாதம்தான் மறுபடி வெளியிட்டது. 2021இல் பிரின்டர் வழியாக ஊடுருவும் ஓர் ஓட்டையை அடைக்கப் போய், செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு பல அலுவலகங்களில் நெட்வொர்க் பிரின்டர்கள் வேலை செய்யவில்லை. சான்றிதழ் அச்சடித்துக் கொடுத்தால்தான் காசு என்று இருப்பவருக்குத் தீநிரல் எங்கோ தூரத்தில் இருக்கிறது. ஓடாத பிரின்டர் மேசைமேல் இருக்கிறது. அவர் அப்டேட்டை நீக்கிவிட்டு வேலையைப் பார்ப்பதில் அறியாமை ஒன்றும் இல்லை.

வேறு வழியே இல்லையா? சித்தூர், தேவிகுளம் பக்கத் தமிழ்வழிப் பள்ளி மாணவர்கள் அதை ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், 2017 முதல் 'கைட்' என்ற பெயரில் நடக்கிறது. அதன்கீழ் கேரளப் பள்ளிகளில் ஓடுவது விண்டோஸ் அல்ல, லினக்ஸ். லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவை எடுத்துப் பாடத்துக்கு வேண்டிய மென்பொருட்களைச் சேர்த்து அவர்களே தயாரிப்பது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகளில் இதைப் போடுவதால் உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019இல் கைட் கணக்குச் சொன்னது. பணத்தைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறு. எப்போது மாறுவது என்பதை அமெரிக்காவின் செவ்வாய்க்கிழமை தீர்மானிப்பதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும், ஐந்து ஆண்டு ஆதரவுள்ள உபுண்டுப் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு, தங்கள் வசதிப்படி புதியதை வெளியிடுகிறார்கள். 18.04 பதிப்பு அப்படி வந்ததுதான்.

லினக்ஸிலும் தலைவலி இல்லாமல் இல்லை. 2011இல் உபுண்டு தன் முகப்பையே மாற்றி, மெனு எங்கே போனது என்று உலகத்தைத் தேட வைத்தது. ஆறு ஆண்டு கழித்து அந்த முகப்பைக் கைவிட்டுவிட்டுப் பழைய பாதைக்குத் திரும்பியது. வீட்டில் ஒருவருக்கு இது எரிச்சல், அவ்வளவே. ஒரு மாநிலத்தின் பள்ளிகளுக்கு, பாடநூலில் எந்த மெனுவைச் சொடுக்கச் சொல்வது என்பதிலிருந்து ஆசிரியர் பயிற்சி, எஸ்.எஸ்.எல்.சி. செய்முறைத் தேர்வு வரை எல்லாம் இதனோடு கட்டப்பட்டிருக்கிறது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. தனி நபர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் கிடைக்கும். விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் அது ஏற்கும் பிராசஸரும் வேண்டும். 2018க்கு முன் வாங்கிய பெரும்பாலான மெஷின்கள் தேறாது. நன்றாக ஓடும் மெஷினைத் தூக்கிப் போடச் சொல்வது அநியாயம்தான். அப்படிப்பட்ட மெஷினில் லினக்ஸ் போட்டுப் பார்ப்பது செலவில்லாத வழி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையே கேட்கலாம்.

விண்டோஸிலேயே தொடர்பவர்கள் ஒன்று செய்யலாம். இரண்டாம் செவ்வாய் அன்று கடையைப் பூட்டும் முன் முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். அமைப்புகளில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்ற இடத்தில் உங்கள் கடை நேரத்தைக் குறித்துவிடுங்கள். அந்த நேரத்தில் மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. பிறகு யூ.பி.எஸ்.ஸில் மெஷினை ஓடவிட்டு வீட்டுக்குப் போங்கள். பத்தரைக்கு மேல் வருகிற அப்டேட்டுக்கு இராத்திரி முழுக்க நேரம் இருக்கிறது. அன்றைக்கு வராவிட்டால் புதன் இரவும் அப்படியே விட்டுவையுங்கள்.